ஏழைக் கொல்லன் மகன் கண்ட சிவப்புத் தங்கம்

விஞ்ஞான மேதை மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை

தங்கத்தின் நிறம் என்ன? மஞ்சள் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும்.

ஆனால், தங்கம் சிவப்பாகவும் இருக்கும். நீலமாகவும் இருக்கும்.

லண்டன் மாநகரில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞானக் கழகம் உள்ளது. அங்கே பழைய கண்ணாடிக் குப்பிகள் சில பத்திரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சிவந்த நீர் இருக்கிறது. பார்த்தால் பழச்சாறு என்று தோன்றும். பழச்சாறு அல்ல, சாயத் தண்ணீரும் அல்ல. தண்ணீரில் மிதக்கும் தங்கம் அது!

150 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன்பு அந்த நீரைச் செய்தவர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தை உண்டாக்கும் வழியைக் கண்ட மேதை என்றுதான் அவரை உலகம் அறியும். அவருடைய சிவப்புத் தங்கத்தின் கதை பலருக்குத் தெரியாது. இன்று வேப்பிலைச் சாற்றைக் கொண்டு விஞ்ஞானிகள் செய்யும் ஒரு புதுமைக்கு அந்தத் தங்கமே முன்னோடி.

வாரத்துக்கு ஒரு ரொட்டி

பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பிறந்தார். ஊர், அன்று லண்டனுக்குத் தெற்கே இருந்த நியூவிங்டன். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். சம்மட்டி பிடிக்க வேண்டிய அவருக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். வேலைக்குப் போகாத நாளில் கூலி ஏது?

1801-ம் ஆண்டில் இங்கிலாந்தில் தானிய விலை ஏறிவிட்டது. அந்தக் குடும்பம் தர்ம உதவி பெற்றுப் பிழைத்தது. சிறுவன் மைக்கேலுக்கு வாரம் ஒரு ரொட்டி கிடைக்கும். ஏழு நாளும் அதை வைத்துத்தான் பசியாற வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அவன் கற்றது எழுத, படிக்க, கணக்குப் போட. அவ்வளவுதான். 13 வயதில் படிப்பு நின்றது. ஒரு புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுப்பான். படித்து முடித்ததும் திரும்பப் போய் வாங்கி, அடுத்த வீட்டுக்குக் கொடுப்பான். பத்திரிகையை வாடகைக்கு வாங்கிப் படித்த காலம் அது.

கட்டிய புத்தகத்தையே படித்தான்

கடைக்காரர் ரீபோ நல்ல மனிதர். அடுத்த ஆண்டே பையனைப் பைண்டிங் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். ஏழு ஆண்டு ஒப்பந்தம்.

மற்றப் பையன்கள் புத்தகத்தைத் தைத்தார்கள்; பசை தடவினார்கள்; அட்டை போட்டார்கள். மைக்கேல் அவற்றைச் செய்தான். அதோடு நிற்கவில்லை. கைக்கு வந்த புத்தகத்தை விரித்துப் படித்தான்.

ஒரு நாள் கலைக்களஞ்சியம் ஒன்று பைண்டிங்குக்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை இருந்தது. படித்தவன் அதிலேயே மூழ்கிவிட்டான்.

இன்னொரு புத்தகம், ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதியது. இரசாயனத்தைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி, உரையாடலாக எழுதியிருந்தார். மைக்கேல் அதைப் படித்து, அப்படியே நம்பிவிடவில்லை. கையிலிருந்த சில்லறைக் காசுக்குச் சாமான் வாங்கினான். புத்தகத்தில் இருப்பது மெய்தானா என்று தானே செய்து பார்த்தான். மெய் என்று கண்ட பிறகுதான் நம்பினான்.

படித்ததைச் சோதித்துப் பார்க்கும் அந்தக் குணம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

அண்ணன் கொடுத்த ஷில்லிங்

லண்டனில் மாலை நேரத்தில் விஞ்ஞானப் பிரசங்கங்கள் நடந்தன. ஒரு பிரசங்கம் கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம். தொழில் பழகும் பையனிடம் ஷில்லிங் ஏது? அண்ணன் ராபர்ட் கொல்லு வேலை செய்து பிழைப்பவர். தம்பியின் ஆசையைப் பார்த்து, அவர் காசு கொடுத்தார்.

1812-ம் ஆண்டு அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. சர் ஹம்ப்ரி டேவி அக்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த இரசாயன அறிஞர். அவருடைய நான்கு பிரசங்கங்களைக் கேட்க, கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் ஒருவர் மைக்கேலுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்.

மைக்கேல் மேல் மாடத்தில் உட்கார்ந்து கேட்டான். குறிப்பு எடுத்தான். வீட்டுக்கு வந்து விரிவாக எழுதினான். படங்கள் வரைந்தான். 300 பக்கத்துக்கு மேல் வந்தது. தன் கையாலேயே அழகாகப் பைண்டு செய்தான். வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதி, புத்தகத்தோடு டேவிக்கு அனுப்பிவைத்தான்.

டேவி அவனைக் கூப்பிட்டுப் பேசினார். விஞ்ஞானத்தில் வருமானம் குறைவு, பைண்டிங் தொழிலையே பார்த்துக்கொள் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

சில வாரங்கள் சென்றன. ஆய்வுக்கூடத்தில் இருந்த உதவியாள் சண்டை போட்டு வேலையை இழந்தான். டேவிக்குப் பைண்டிங் பையனின் ஞாபகம் வந்தது. 1813-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி மைக்கேல் பாரடே ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலைக்கு அமர்ந்தார். வாரச் சம்பளம் 25 ஷில்லிங். தங்குவதற்கு மாடியில் இரண்டு அறைகள். அப்போது அவருக்கு வயது 21.

அவமானமும் ஆபத்தும்

அதே ஆண்டு டேவி ஐரோப்பாவுக்குச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். பாரடேயும் கூடப் போனார். டேவியின் மனைவி பணக்காரச் சீமாட்டி. அவர் பாரடேயைச் சமமாக நடத்தவில்லை. வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடவைத்தார். பாரடேக்கு மனம் நொந்தது. வேலையை விட்டுத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால், பெரிய பெரிய அறிஞர்களை நேரில் பார்க்கும் வாய்ப்பு இனி வருமா? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

அவமானம் மட்டுமல்ல, ஆபத்தும் இருந்தது. அந்தக் காலத்து ஆய்வுக்கூடம் மிகவும் அபாயமான இடம். டேவியின் கண்ணையே ஒரு வெடிவிபத்து காயப்படுத்தியது. 1823-ம் ஆண்டில் பாரடேயின் கையிலிருந்த குழாய் வெடித்து, கண்ணாடிச் சில்லுகள் அவர் கண்ணில் பாய்ந்தன. கண் தப்பியது பெரிய காரியம்.

மின்சாரம் பிறந்தது

1821-ம் ஆண்டு பாரடே, சாரா பார்னார்டு என்ற பெண்ணை மணந்தார். 46 ஆண்டுகள் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். குழந்தைகள் இல்லை.

1831-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. இரும்பு வளையம் ஒன்றின் இரண்டு பக்கமும் கம்பி சுற்றிச் சோதனை செய்தார். ஒரு பக்கம் மின்சாரத்தை விட்டபோதும் நிறுத்தியபோதும், மறு பக்கத்துக் கம்பியில் ஒரு கணம் மின்சாரம் எழுந்தது. பிறகு காந்தத்தை அசைத்தே மின்சாரம் எழுப்பிக் காட்டினார். இன்று நம் வீட்டு விளக்குக்கு மின்சாரம் அனுப்பும் பெரிய யந்திரங்களுக்கெல்லாம் மூலம் இதுதான்.

புகழ் உச்சிக்குச் சென்றது. கம்பெனிகளுக்குச் சோதனை செய்து கொடுத்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கே கொடுத்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டி, எளிய பேச்சில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தார்.

நாறிய நதி

1855-ம் ஆண்டு ஜூலை மாதம் பாரடே தேம்ஸ் நதியில் படகில் சென்றார். லண்டன் சாக்கடை முழுவதும் அந்த நதியில்தான் கலந்தது. தண்ணீர் பழுப்பு நிறமாக நாறியது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் இருந்தார்கள்.

பாரடே வெள்ளை அட்டைகளைச் சிறு துண்டுகளாகக் கிழித்தார். நனைத்துத் தண்ணீரில் போட்டார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அப்படியும் ஓர் அங்குல ஆழம் போவதற்குள் அட்டை கண்ணுக்கு மறைந்துவிட்டது! கண்டதை அப்படியே பத்திரிகைக்கு எழுதினார். நதியை இப்படியே விட்டால் பெருந்தீங்கு வரும் என்று எச்சரித்தார்.

மூன்று ஆண்டுகளில் அது பலித்தது. 1858-ம் ஆண்டுக் கோடையில் நாற்றம் பொறுக்காமல் பார்லிமெண்டே தவித்தது. அதன் பிறகுதான் லண்டனுக்குப் பெரிய பாதாளச் சாக்கடை கட்ட வழி பிறந்தது.

தங்க ரேக்கில் பச்சை ஒளி

நதிக் கடிதம் எழுதி ஓராண்டு ஆகவில்லை. 1856-ம் ஆண்டு தொடக்கத்தில் பாரடே புதிய ஆராய்ச்சி ஒன்றில் இறங்கினார். இந்தத் தடவை எடுத்தது தங்கம்.

அப்போது அவருக்கு வயது 64. ஞாபக சக்தி குறைந்துகொண்டு வந்தது. தலைசுற்றலும் உண்டு. மற்றவர்கள் ஓய்வு எடுக்கும் வயது அது.

தங்கத்தை ஏன் எடுத்தார்? தங்கத்தைப் போல மெல்லியதாக அடிக்கக்கூடிய உலோகம் வேறு இல்லை. தட்டித் தட்டி ரேக்காக அடித்தால், ஓர் அங்குலத்தை இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கூறுகளாக்கி, அதில் ஒரு கூறு அளவுக்கு மெலியும். அவ்வளவு மெல்லிய தங்கத்தில் ஒளி என்ன ஆகும் என்று அறிய விரும்பினார்.

ரேக்கைக் கண்ணாடியில் ஒட்டி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மேலே பார்த்தால் மஞ்சள். ஊடுருவி வந்த ஒளியோ பச்சை!

இன்னும் மெல்லியதாக வேண்டும். அதற்குச் சயனைடு கரைத்த நீரில் ரேக்கை மிதக்கவிட்டு அரிக்கவைத்தார். சயனைடு கொடிய விஷம். வேறொரு முறையும் செய்தார். தங்கத்தை முதலில் திராவகத்தில் கரைத்துக்கொண்டார். அந்த நீரின் மேல் பாஸ்பரஸைப் போட்டு, தங்கத்தை மெல்லிய ஆடையாகப் படியவைத்தார். பாஸ்பரஸ் காற்றுப் பட்டாலே எரியும் பொருள். அதைக் கரைக்கப் பயன்பட்ட திரவமோ நச்சு உள்ளது. பொறி பட்டாலே பற்றிக்கொள்வது.

கழுவிய நீரில் அதிசயம்

தங்க ஆடையைக் கழுவியபோது ஒரு விந்தையைக் கண்டார். கழுவிய நீர் சிவந்திருந்தது. மாணிக்கக் கல்லின் சிவப்பு!

வேறொருவர் என்றால் கழுவிய நீரைக் கீழே கொட்டியிருப்பார். பாரடே கொட்டவில்லை. அதையே ஆராயத் தொடங்கினார்.

நீர் தெளிவாகத்தான் தெரிந்தது. லென்சு வைத்து ஒளிக் கற்றையை அதற்குள் பாய்ச்சினார். ஒளி சென்ற பாதை நீருக்குள் பளிச்சென்று தெரிந்தது. ஓட்டுத் துளை வழியாக வீட்டுக்குள் விழும் வெயிலில் தூசி மின்னுகிறது அல்லவா? அதே மாதிரி. அப்படியானால் தங்கம் இன்னும் நீரில் கரைந்துபோய் இருக்கவில்லை. மிகமிக நுண்ணிய துகளாக மிதக்கிறது. அந்தக் காலத்து மைக்ராஸ்கோப்பில் அந்தத் துகள் அகப்படவில்லை. கண்ணால் காணாததை யுக்தியால் கண்டுகொண்டார்.

அடுத்து அந்த நீரில் கொஞ்சம் உப்புப் போட்டார். சிவப்பு நீலமாக மாறியது! துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் நிறம் மாறியது. முன்னதாகவே ஜெல்லியைச் சேர்த்துவிட்டால், அது துகளைப் போர்த்துக் காப்பாற்றும். சிவப்பு மாறாது.

கண்ணாடித் தொழிலாளர்கள் தங்கம் சேர்த்துச் சிவப்புக் கண்ணாடி செய்வது பழைய வழக்கம். ஏன் சிவக்கிறது என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. பொருள் ஒன்றே ஆனாலும், துகளின் அளவு மாறினால் குணமும் மாறும் என்பதைச் சோதனையால் காட்டியவர் பாரடே.

கிடைக்காத விடை

1857-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அறிஞர் சபையில் இந்த ஆராய்ச்சி படிக்கப்பட்டது. பாரடேக்கு முழுத் திருப்தி இல்லை. ஒளியின் இரகசியம் ஒன்று இதில் வெளிப்படும் என்று ஆசைப்பட்டிருந்தார். அது வெளிப்படவில்லை. ஓராண்டு உழைப்புக்குக் கிடைத்தது சில குப்பிச் சிவப்பு நீர்தான்.

இருந்தும் எதையும் அவர் மறைக்கவில்லை. ஆனதை எழுதினார், ஆகாததையும் எழுதினார். அவருடைய சோதனைக் குறிப்புகளுக்கு எண் இட்டிருந்தார். அந்த எண் 16,000-ஐத் தாண்டியது.

கடைசி நாட்களில் அறிஞர் சபையின் தலைவர் பதவி தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விக்டோரியா மகாராணி கொடுத்த வீட்டில் மனைவியோடு எளிமையாக வாழ்ந்தார். ஞாபகம் மெல்ல மெல்ல மங்கியது. 1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது. ஆடம்பரம் இல்லாமல் லண்டனில் ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

நானோ என்றால் என்ன?

அவர் மறைந்த பிறகு சிவப்பு நீருக்கு மதிப்பு ஏறியது. 1908-ம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் மீ அந்த நிறத்துக்குக் கணக்கு மூலம் காரணம் சொன்னார். இப்படிப்பட்ட தங்க நீரை ஆராய்ந்த சிக்மாண்டி என்ற அறிஞருக்கு 1925-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. பிற்காலத்தில் பாரடேயின் முறையிலேயே தங்க நீரைச் செய்து, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். துகள்கள் 3 முதல் 30 நானோமீட்டர் வரை இருந்தன.

நானோமீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறு. தலைமயிர் ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்!

அந்தத் துகள் இன்று வீடு வரை வந்துவிட்டது. பெண்கள் கர்ப்பமா என்று பார்க்கும் சோதனைப் பட்டையில் சிவப்புக் கோடு தெரிகிறது அல்லவா? அவற்றில் பல, தங்க நானோ துகளால் உண்டாகும் கோடுகளே. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த சோதனைப் பட்டைகள் பலவற்றிலும் இதே தங்கம்தான். பாரடே கண்ட சிவப்பு அது!

வேப்பிலை செய்த வேலை

பாரடேக்கு இரண்டு பொருள் தேவைப்பட்டன. கரைந்த தங்கத்தை மறுபடி தங்கமாக்க பாஸ்பரஸ். துகள்கள் ஒட்டாமல் காக்க ஜெல்லி.

இந்த இரண்டு வேலையையும் ஓர் இலையே செய்யும் என்றால் நம்புவீர்களா?

புனே நகரில் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே முரளி சாஸ்திரி குழுவினர் வேப்பிலையைத் தண்ணீரில் காய்ச்சிச் சாறு எடுத்தார்கள். வெள்ளி உப்பையும் தங்க உப்பையும் கரைத்த நீரில் அதைச் சேர்த்தார்கள். சில மணி நேரத்தில் நானோ துகள்கள் உண்டாயின. இதை 2004-ம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார்கள். இப்போது துளசி, தேயிலை என்று எத்தனையோ செடிகளைக் கொண்டு உலகெங்கும் இப்படிச் செய்கிறார்கள். பசுமை முறை என்று இதற்குப் பெயர்.

இலைச் சாற்றில் உள்ள சத்துகள் உலோக உப்பை உலோகமாக மாற்றுகின்றன. இது பாரடேயின் பாஸ்பரஸ் செய்த வேலை. அதே சத்துகள் துகளின் மேல் போர்வையாகப் படிகின்றன. இது ஜெல்லி செய்த வேலை. தீப்பிடிக்கும் பொருளும் வேண்டாம், சயனைடும் வேண்டாம்.

வெள்ளித் துகள் கிருமிகளைக் கொல்லும். ஆகவே காயத்துக்குப் போடும் கட்டிலும், குடிநீர் வடிகட்டியிலும் வெள்ளி பயன்படுகிறது. தேயிலைச் சாற்றால் செய்த இரும்புத் துகளைக் கொண்டு சாயக் கழிவு நீரைத் தெளியவைக்கும் சோதனைகள் நடந்துள்ளன. தேம்ஸ் நதியைக் கண்டு வருந்திய பாரடே இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

இலை என்றால் தீங்கே இல்லையா?

இங்கே ஓர் எச்சரிக்கை. இலையில் செய்தது என்பதாலேயே அது மருந்து ஆகிவிடாது. கிருமியைக் கொல்லும் வெள்ளி, ஆற்றில் கலந்தால் நல்ல நுண்ணுயிர்களையும் மீன்களையும் கெடுக்கக்கூடும். இலையின் சத்து மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி. துகளின் அளவும் அதற்குத் தக்கபடி மாறிவிடும். அளவு மாறினால் குணம் மாறும் என்பதைத்தான் பாரடேயின் குப்பி காட்டிவிட்டதே!

இலை முறையில் செய்த துகள்களில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. நானோ மருந்து, மூலிகை மருந்து என்று யாராவது கடைத்தெருவில் விற்றால், டாக்டரைக் கேட்காமல் வாங்கி விழுங்கக்கூடாது.

புத்தகத்தில் இருப்பது மெய்தானா என்று பைண்டிங் பையன் தன் காசைச் செலவழித்துச் சோதித்துப் பார்த்தான். சிவப்பு நீரில் உப்புப் போட்டுச் சோதித்தார் முதியவர் பாரடே. வேப்பிலைத் துகளுக்கும் அந்தச் சோதனைதான் வேண்டும். சோதனையில் தேறினால் அது உலகத்துக்கு வரம்.

பள்ளிப் படிப்பு நின்றுபோன ஏழைச் சிறுவன், கைக்கு வந்த புத்தகத்தை விடாமல் படித்தான். ஓர் அம்மையார் எளிய நடையில் எழுதிய புத்தகம் அவனுக்கு வழி காட்டியது. அண்ணன் கொடுத்த ஒரு ஷில்லிங் கை கொடுத்தது. உங்கள் வீட்டிலும் கேள்வி கேட்டு நச்சரிக்கும் பிள்ளை இருக்கலாம். அதட்டாதீர்கள். கையில் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள்.